அம்பாவும் அன்னையரும்

ஈழத்தின் வடமேற்குக் கரையிலே, சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் சூழ அமைந்த தமிழ்க் கிராமம் உடப்பு. திரௌபதை அம்மன் கோயிலும் அங்கு நிகழும் தீமிதிப்பும் அதன் பெயரை நாடெங்கும் பரப்பியுள்ளன. நாட்டார் இலக்கியத்தில் ஈடுபாடுடையோர் அவ்வூரை வேறொரு காரணத்தாலும் அறிவார்கள். கரைவலை இழுக்கும் தொழிலாளர் பாடும் அம்பாப் பாடலே அக்காரணம்.

அத்தொழிலை நேரிற் கண்டவர்களுக்கு அம்பாவின் இயல்பு விளங்கும். தோணி கடலிலே அரைவட்டமாக வலையை விட்டு மீள்கிறது. வலையின் இரு தலைக் கயிறுகளையும் கரையிலே இரண்டு அணியினர் பற்றிக்கொள்கிறார்கள். நீரில் ஊறிய வலையும் மடியும் மீனும் அலையின் எதிர்ப்பும் சேர்ந்த அந்தப் பாரத்தைத் தனி மனிதன் ஒருவனால் அசைக்க இயலாது. பலர் பற்றியபோதிலும், ஒருவர் இழுக்கும் வேளையில் மற்றவர் தளர்ந்தால் வலை நகராது. ஆகவே ஒருவர் அடியெடுத்துப் பாடுகிறார். ஏனையோர் ஏற்றுக் குரல் கொடுக்கிறார்கள். குரல் எழும்போது எல்லாக் கைகளும் ஒன்றாக இழுக்கின்றன. குரல் தாழும்போது எல்லாத் தோள்களும் ஒன்றாக ஆறுகின்றன. பாட்டிலே தெய்வமும் உண்டு, காதலும் உண்டு, கேலியும் உண்டு. சில இடங்களிலே பொருளுள்ள சொல்லே இராது. ஒலி மாத்திரம் இருக்கும்.

இலக்கியம் பயில்வோராகிய நாம் அம்பாவைப் பாட்டாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அதனைத் திரட்டுகிறோம், வகைப்படுத்துகிறோம், ஏட்டிலே அச்சிடுகிறோம். பாடுவோருக்கோ அது முதலிலே ஒரு தொழிற் கருவி. பாரத்தைப் பலர் தோளிலே சமமாகப் பங்கிடும் கருவி. அதே கரையோரத்து வீடுகளிலே, எந்த அம்பாவும் இன்றி ஒருவர் தனியே இழுத்துக்கொண்டிருக்கும் வேறொரு பாரத்தைப் பற்றிப் பேசுவதற்கே இவ்வளவும் சொல்ல நேர்ந்தது.

மதியிறுக்கம் என்றும் ஓட்டிசம் என்றும் வழங்கும் நிலை இன்று ஓரளவுக்கு எல்லோரும் கேள்விப்பட்டதுதான். அது நோயன்று, மூளை வளர்ச்சியிலே தொடக்கத்திலிருந்தே காணப்படும் ஒரு வேறுபாடு. பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்பிப் பாராது. நிலவை விரல் நீட்டிக் காட்டாது. பேச்சு தாமதமாகும், சிலருக்கு வாராமலே போகும். சக்கரத்தைச் சுழற்றுவதிலோ பொருள்களை வரிசையாக அடுக்குவதிலோ மணிக்கணக்காக ஆழ்ந்திருக்கும். நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் ஓசை அதன் செவியிலே இடியாக விழும். இவையெல்லாம் எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே அளவிற் காணப்படுவதில்லை. ஒரு பிள்ளையைக் கொண்டு மற்றொரு பிள்ளையை அளக்க முடியாது.

நம் நாட்டிலே இது அரிதும் அன்று. பேராசிரியை ஹேமமாலி பெரேராவும் அவருடன் பணியாற்றியோரும் இலங்கையின் அரைநகர்ப் பகுதியொன்றிலே 18 மாதத்துக்கும் 24 மாதத்துக்கும் இடைப்பட்ட 374 குழந்தைகளைப் பரிசோதித்து, 93 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் ஓட்டிசம் இருப்பதை 2009 இல் வெளியிட்டார்கள். சிறியதோர் ஆய்வாதலால் அதனை நாடு முழுவதற்குமான கணக்காகக் கொள்ளலாகாது. ஆயினும் ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒவ்வொரு ஊருக்கும் உரிய செய்தி அதிலே இருக்கிறது.

இப்பிள்ளைகளின் பெற்றோர் சுமந்த பழியின் வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்காவிலே லியோ கானர் என்னும் மருத்துவர் 1943 இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஓட்டிசம் பற்றிய முதற் பெரும் பதிவாகக் கொள்ளப்படுவது. அதிலே முதலாவதாக வரும் டொனால்ட் என்ற சிறுவன், ஒரு வயதிலேயே பல பாட்டுகளைச் சுருதி பிசகாமல் முணுமுணுத்தான் என்று கானர் குறித்திருக்கிறார். ஓட்டிசம் பற்றிய அம்முதற் பதிவோடு இசையும் அன்றே கூடப் பிறந்தது போலும்! அந்நிலை பிறவியிலேயே அமைவது என்று முடித்த அதே கட்டுரையில், பெற்றோரிடம் பாசத்தின் வெம்மை குறைவு என்ற கருத்தையும் கானர் விதைத்துவிட்டார். அவ்விதை முளைத்து மரமாயிற்று. குளிர்ந்த உள்ளம் படைத்த தாய்மாரே குழந்தையை ஊமையாக்கினர் என்னும் கொள்கையைப் புரூனோ பெற்றல்கைம் 1967 இல் வெளியிட்ட நூல் பரப்பிற்று. தாமே ஓட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தையாகிய பேர்னாட் றிம்லண்ட் என்னும் உளவியலாளர், உயிரியற் காரணங்களை எடுத்துக்காட்டி 1964 இலேயே அக்கொள்கையை மறுத்திருந்தார். இன்று அறிஞர் எவரும் அதனை ஏற்பதில்லை.

ஏட்டிலிருந்து நீங்கிய பழி நாட்டிலிருந்து நீங்கிவிட்டதா? கண்ணூறு என்பார் ஒருவர். கிரகதோஷம் என்பார் இன்னொருவர். தாய் வேலைக்குப் போனதால் வந்தது என்றும், தொலைபேசியைக் கையிலே கொடுத்துக் கெடுத்தாள் என்றும் புதிய காரணங்களும் முளைத்திருக்கின்றன. எந்தக் காரணத்தைச் சொன்னாலும் விரல் சுட்டுவது பெரும்பாலும் தாயையே.

அத்தாய்க்கு நேரும் மற்றோர் இழப்பைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நம்மவரிடையே இசை எங்கே இருக்கிறது? கோயில் திருவிழாவிலே, கலியாண வீட்டிலே, தலவில்லுப் புனித அன்னம்மாள் தேவாலயத்துப் பெருநாளிலே, பள்ளிவாசலை அடுத்த கந்தூரியிலே இருக்கிறது. அதாவது ஊர் கூடும் இடத்திலே இருக்கிறது. அங்கேதான் ஒலிபெருக்கி முழங்குகிறது, மேளம் அதிர்கிறது, வெடி வெடிக்கிறது. செவிகளைப் பொத்திக்கொண்டு பிள்ளை அலறுகிறது. சுற்றி நிற்போர் திரும்பிப் பார்க்கிறார்கள். பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லை என்று ஒருவர் சொல்லாவிட்டாலும் ஒருவர் நினைக்கிறார். தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறாள். அடுத்த ஆண்டு அவள் வருவதே இல்லை. இவ்வாறு, ஆறுதல் மிக வேண்டியவளே ஊரின் பாட்டிலிருந்து முதலிலே விலக்கப்படுகிறாள். எவரும் அவளை விலக்கவில்லை. ஆயினும் அவள் விலகிவிட்டாள். தந்தையும் கடலுக்கோ கடைக்கோ போய்த் திரும்பித் தம் துயரை எவரிடமும் சொல்லாது அடக்கிக்கொள்கிறார்.

இவ்விடத்திலேதான் பெற்றோருக்கான குழு இசைச் சிகிச்சை என்னும் முயற்சி நம் கவனத்துக்கு உரியதாகிறது. அதன் வேரை அறிய இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டும். போல் நோர்டொவ் என்ற அமெரிக்க இசையமைப்பாளரும் கிளைவ் றொபின்ஸ் என்ற ஆங்கில ஆசிரியரும் 1959 இல் அங்குள்ள சன்பீல்ட் சிறுவர் இல்லத்திலே இணைந்து பணியாற்றத் தொடங்கினர். அவர்கள் கைக்கொண்ட வழி எளியது. ஆயின் நாம் வழக்கமாகச் செய்வதற்கு நேர்மாறானது. நாம் பாட்டைக் கற்பித்துப் பிள்ளையைப் பின்பற்றச் சொல்வோம். அவர்களோ பிள்ளையைப் பின்பற்றினர். பிள்ளை மேசையிலே தட்டினால் அத்தட்டின் காலத்தைப் பியானோ ஏற்றுக்கொண்டது. அழுதால் அவ்வழுகையின் சுருதியிலே இசை பிறந்தது. தன் ஒலிக்கு ஒரு மறுமொழி உண்டு என்பதைப் பிள்ளை உணர்ந்து தட்டுவதை நிறுத்திச் செவிசாய்க்கும் கணமே உறவின் தொடக்கம். அம்பாவை அறிந்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது. இங்கே அடியெடுப்பவர் பிள்ளை. ஏற்றுப் பாடுவோர் பெரியவர். வேற்றுமை அவ்வளவே.

இசையால் ஓட்டிசம் நீங்குமா என்று பெற்றோர் கேட்பது இயல்பு. இதற்கு நேர்மையான விடை கூற வேண்டியது எழுதுவோர் கடமை. ஒன்பது நாடுகளிலே, 4 வயது முதல் 7 வயது வரையான 364 பிள்ளைகளைக் கொண்டு நடத்திய பெரிய ஆய்வொன்றின் முடிவு 2017 இல் வெளியாயிற்று. ஐந்து மாதம் இசைச் சிகிச்சை பெற்றோருக்கும் பெறாதோருக்கும் இடையே, ஓட்டிசக் குறிகளின் கடுமையிலே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பின்னர் 2022 இல், 26 ஆய்வுகளை ஒருங்கே நிறுத்துப் பார்த்த கொக்ரேன் மதிப்பீடு, பிள்ளைகளின் பொதுவான முன்னேற்றத்துக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் இசை துணைபுரியக்கூடும் எனச் சற்று நம்பிக்கையான முடிவைத் தந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பவர், இசையை நோய் தீர்க்கும் மருந்து என்று விளம்பரஞ் செய்ய மாட்டார். அத்தகைய விளம்பரங்களிலே தாலிக்கொடியை விற்றுப் பணத்தைக் கொட்டும் பெற்றோரைக் காக்க வேண்டிய பொறுப்பும் நமக்கு உண்டு.

ஆயின், பிள்ளையின் குறிகளை மாத்திரம் அளந்துவிட்டு எழுந்து போவது முறையா? பாட்டுப் பாடிய அறையிலே பெற்றோரும் இருந்தார்களே! அவர்களுக்கு என்ன நேர்ந்தது?

இக்கேள்விக்கு அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு விடை கிடைக்கிறது. குயின்ஸ்லாந்து மாநிலத்திலே 2001 இல் 'பாடி வளர்வோம்' என்று பொருள்படும் பெயரோடு ஒரு திட்டம் தோன்றியது. சிறு பிள்ளைகளும் பெற்றோரும் வாரம் ஒரு முறையாகப் பத்து வாரம் கூடுவர். பயிற்சி பெற்ற இசைச் சிகிச்சையாளர் ஒருவர் நடத்துவார். பிள்ளையின் பெயரைச் சொல்லி வரவேற்கும் பாட்டோடு தொடங்கி, கைகால் அசைத்துப் பாடும் பாட்டு, சிறு வாத்தியங்களைத் தட்டுதல், மடியிலே வைத்து அமைதியாகப் பாடுதல், விடைபெறும் பாட்டு என்று அது செல்லும். உடற்குறையோ வளர்ச்சிக் குறைபாடோ உள்ள பிள்ளைகளோடு பங்குகொண்ட 201 தாய்மாரைப் பற்றிய ஆய்வு 2012 இல் வெளிவந்தது. தாய்மாரின் மனநலமும், பிள்ளையின் குறிப்பறிந்து நடக்கும் திறனும், பிள்ளையை உள்ளவாறே ஏற்கும் மனப்பாங்கும், பிள்ளைகளின் தொடர்பாடலும் முன்னேறியிருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அதில் இல்லாமையால், அவ்வளவும் இசையின் பயனே என்று அறுதியிட முடியாது. எனினும் தாயின் மனநலத்தையும் ஒரு பயனாக எண்ணி அளந்தார்களே, அதுவே பெரிது.

வேறு இரண்டு ஆய்வுகள் இதற்கு அரண் செய்கின்றன. மகப்பேற்றின் பின் மனச்சோர்வுற்ற 134 தாய்மாரை மூன்று குழுவாகப் பிரித்து இங்கிலாந்திலே நடத்திய ஆய்வு 2018 இல் வெளியாயிற்று. பத்து வாரம் குழந்தைகளோடு கூடிப் பாடிய குழுவிலே, சோர்வு மிகுந்திருந்த தாய்மார், வழமையான கவனிப்பை மட்டும் பெற்றோரிலும் விரைவாகத் தேறினர். மற்றொன்று 2015 இல் வந்தது. முன்பின் அறியாத வளர்ந்தோர் சிலர் பாட்டு வகுப்பிலும், சிலர் கைவினை வகுப்பிலும், சிலர் எழுத்து வகுப்பிலும் ஏழு மாதம் பயின்றனர். முடிவிலே எல்லா வகுப்பினரும் ஒரே அளவு நெருங்கிவிட்டனர். ஆயின் தொடக்கத்திலேயே விரைந்து நெருங்கியவர் பாடியவரே. எழுத்தாளராகிய நாம் சிறிது நாணத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய முடிவு இது.

காரணத்தை ஊகிப்பது கடினமன்று. பேசுவதற்கு அறிமுகம் வேண்டும், நம்பிக்கை வேண்டும், சொல்லவும் துணிவு வேண்டும். தன் பிள்ளை இரவெல்லாம் உறங்குவதில்லை என்பதை முன்பின் அறியாதவரிடம் எப்படித் தொடங்குவது? பாட்டுக்கு இவை எதுவும் வேண்டியதில்லை. மூச்சை ஒன்றாக எடுக்கிறோம், ஒன்றாக விடுகிறோம். பாட்டு முடிந்தபின் வரும் சிறு அமைதியிலே ஒருவர் வாய் திறக்கிறார். அவர் சொல்வதைக் கேட்டு மற்றொருவர், "என் வீட்டிலும் அப்படித்தான்" என்கிறார். அச்சொல்லுக்கு நிகரான ஆறுதலை எந்த வைத்தியரும் எழுதித் தர இயலாது.

இனிப் புத்தளக் கரைக்கு மீள்வோம். நம் நாட்டிலே வல்லுநர் மிகச் சிலர். அவர்களும் பெரும்பாலும் கொழும்பைச் சூழ இருப்பவர்கள். வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காகக் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சார்ந்து எழுந்த அயதி நிலையம் ராகமையிலே இருக்கிறது. புத்தளத்துக்குச் செல்லும் புகையிரதப் பாதை பிரிவதும் அதே ராகமையிலேதான். ஆயின் புத்தளம் கொழும்பிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீற்றர். கற்பிட்டி அதற்கும் அப்பால். கூட்டத்தையும் இரைச்சலையும் தாங்காத பிள்ளையோடு அவ்வளவு தூரம் போய் மீள்வது எத்தகைய பயணம் என்பதைச் சென்றவரே அறிவர். பேராசிரியை பெரேராவும் குழுவினரும், தாய்மாருக்கே பயிற்சியளித்து வீட்டிலே பிள்ளையைப் பழக்கும் முறையைக் கொழும்பிலே நடத்தி, அதன் நற்பயனை 2016 இல் எழுதினார்கள். டில்லியிலே, தாமும் ஒரு தாயாகிய மெரி பரூவா 1991 இல் நிறுவிய 'அக்‌ஷன் போர் ஓட்டிசம்' என்னும் அமைப்பும் பெற்றோரையும் பிள்ளையையும் ஒருங்கே பயிற்றுகிறது. நம் போன்ற நாடுகளுக்கு இதுவே தக்க வழி. ஆயின் வழியெல்லாம் தாயின் தோளிலேயே வந்து முடிகிறது என்பதை மறக்கலாகாது. வைத்தியர் மாதம் ஒருமுறை பார்க்கிறார்; தாய் முப்பது நாளும் பார்க்கிறாள். தாயைப் பார்ப்பது யார்?

ஊரவர் பார்க்கலாம். அதற்கு வேண்டிய கருவி ஊரிலேயே இருக்கிறது. புத்தளக் கரையைப் போலப் பலவகை இசை ஒருங்கே வாழும் கரை ஈழத்திலே அதிகமில்லை. உடப்பிலே அம்பா உண்டு. முஸ்லிம் ஊர்களிலே றபான் ஒலியும் தாய்மாரின் தாலாட்டும் உண்டு. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்து குடியேறிய முஸ்லிம் மக்கள் தம் ஊர்ப் பாட்டையும் உடன் கொணர்ந்தனர். கரையோரத் தேவாலயங்களிலே கீர்த்தனைகள் உண்டு. புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியிலே, ஐரோப்பியர் ஆட்சிக் காலத்திலே ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் மாஞ்சா என்னும் பாட்டைப் பாடி ஆடுகிறார்கள். சிரட்டையும் கரண்டியும் போத்தலும் அவர்களுக்குத் தாளக் கருவிகள். அப்பாட்டு போர்த்துக்கேயக் கலப்பு மொழியிலே அமைந்தது. இளையோர் பலருக்கு அதன் சொற்கள் விளங்குவதில்லை. ஆயினும் பாட்டு அவர்களை ஓரினமாகக் கட்டி வைத்திருக்கிறது. பேச்சு வாராத தன் பிள்ளையோடு தனக்கு உறவே அமையாதோ என்று ஏங்கும் தாய்க்கு, பொருள் விளங்காத பாட்டும் மனிதரைப் பிணைக்கும் என்பதைச் சிறாம்பியடி மக்கள் பாடிக் காட்டுகிறார்கள்.

செய்ய வேண்டியது பெரிய காரியமன்று. பாடசாலை விட்டபின் ஓர் அமைதியான வகுப்பறை போதும். எட்டு அல்லது பத்துப் பெற்றோர், விரும்பினால் பிள்ளைகளும். ஒலிபெருக்கி கூடாது. உரத்த மேளம் கூடாது. வாத்தியமாகச் சிரட்டை போதும். செவி பொத்தும் பிள்ளைக்கு வெளியே போய் வரக் கதவு திறந்திருக்க வேண்டும். எழுந்து ஓடும் பிள்ளையைப் பார்த்து ஒருவரும் முகஞ்சுளிக்கலாகாது. எந்தெந்த வீட்டிலே இத்தகைய பிள்ளை இருக்கிறது என்பது, வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தருக்குத் தெரியும். முன்பள்ளி ஆசிரியைக்கும் தெரியும். அவர்கள் அழைத்தால் தாய் வருவாள்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. இசைச் சிகிச்சை என்பது முறையாகக் கற்றுச் செய்யும் தொழில். ஆசிரியர் ஒருவர் கூட்டி வைத்துப் பாடச் செய்வதனாலே அவர் சிகிச்சையாளர் ஆகிவிட மாட்டார். ஆகவே அதனைச் சிகிச்சை என்று அழைக்க வேண்டாம். பாட்டுக் கூட்டம் என்றே அழைப்போம். கற்றறிந்தவர் ஒருவர் ஆண்டுக்குச் சில முறை வந்து வழிகாட்டினால் நன்று. கடுஞ் சோர்விலே ஆழ்ந்த தாயை வைத்தியரிடம் அனுப்பும் விவேகமும் வேண்டும். சென்னையிலே அம்பிகா காமேஷ்வர் 1989 இல் தொடங்கிய 'ரசா' என்னும் நிறுவனம், நம் மரபுக்குரிய பாட்டையும் ஆட்டத்தையும் கொண்டே சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளோடு பணிபுரிந்து வருகிறது. தமிழ்ப் பாட்டு இப்பணிக்குத் தகும் என்பதற்கு அதனினும் அணுக்கமான சான்று வேண்டியதில்லை.

கரைவலையிலே இயந்திரச் சுழலி கயிற்றை இழுக்கத் தொடங்கிய இடங்களிலே அம்பா ஓய்ந்துவிட்டது. இயந்திரத்துக்குப் பாட்டு வேண்டியதில்லை. அம்பா அழிகிறதே என்று இலக்கிய வட்டங்களிலே நாம் வருந்துகிறோம், நாடாவிலே பதிகிறோம். அவ்வருத்தம் நியாயமானதே. ஆயின் எந்த இயந்திரமும் இழுத்துத் தர முடியாத பாரங்கள் அதே ஊரிலே, அதே தெருவிலே இருக்கின்றன. திருவிழா இரவிலே மேள ஓசை தொலைவிலே கேட்க, விளக்கைத் தணித்துவிட்டு, செவி பொத்திய பிள்ளையை மடியிலே கிடத்திக்கொண்டு ஒரு தாய் தாழ்ந்த குரலிலே ஏதோ பாடிக்கொண்டிருப்பாள். அடியை அவள் எடுத்துவிட்டாள். ஏற்றுப் பாடும் குரல்களுக்காகவே அவள் காத்திருக்கிறாள்.